அம்மா தனியாக இருக்கிறார், கெமரா வேண்டாம் என்கிறார். வேறு என்ன பூட்டலாம்?

மஸ்கெலியாக்காரி எழுதியது:

வணக்கம். ஊரில் அம்மா அப்பாவைத் தனியாக விட்டுவிட்டு கொழும்பிலோ வெளிநாட்டிலோ வேலை செய்கிறவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள் என்று நம்பிக் கேட்கிறேன்.

அம்மாவுக்கு 73 வயது. மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில், மேல் டிவிசனில் இருக்கிறார். அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். லயத்தை (தோட்டத்து வரிசை வீட்டை) விட்டு 7 பேர்ச் காணியில் கட்டின தனி வீட்டுக்கு வந்த பிறகு அம்மாவுக்கு அதுதான் உலகம். முன்னால் ரோசாச் செடி, பக்கத்தில் போஞ்சிக் கொடி, மேலே கோயில், கூப்பிடு தூரத்தில் சின்னம்மா வீடு. நான் வத்தளையில் ஒரு அறை எடுத்து இருக்கிறேன். அங்கே வந்து இருங்கள் என்றால் வருவார், ஒரு கிழமை போவதற்குள் முகம் வாடிவிடும். ஆகவே அவர் ஊரில் இருக்கட்டும் என்பதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை.

பிரச்சினை ஐப்பசி மழையில் வந்தது. வீட்டுக்குப் பின்னால் தகரம் அடித்து விறகடுப்புக் குசினி ஒன்று கட்டியிருக்கிறோம். முன் வீட்டிலிருந்து அதற்கு இறங்க இரண்டு படி. ஈரச் செருப்போடு இறங்கும்போது வழுக்கி விழுந்து, இடுப்பு அடிபட்டு, எழும்ப முடியாமல் அப்படியே கிடந்திருக்கிறார். போன் முன் அறையில் சார்ஜில் இருந்திருக்கிறது. கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார். தகரத்தில் மழை கொட்டுகிற சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? பக்கத்து வீட்டுப் பிள்ளை தேங்காய்ப் பாதி கேட்டு வந்ததால் தெரிந்தது. நல்ல காலம், எலும்பு முறியவில்லை.

அண்ணன் டுபாயில் இருக்கிறார். விசயம் கேள்விப்பட்டதும் மூன்று கெமரா வாங்கி ஆள் கையில் அனுப்பிவிட்டார். முன் அறைக்கு ஒன்று, படுக்கிற அறைக்கு ஒன்று, குசினிக்கு ஒன்று. அம்மா பெட்டியைப் பிரிக்கவே விடவில்லை. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "நாப்பது வருசத்துக்கு மேல கங்காணி கண்ணு முன்னால நின்னு கொழுந்தெடுத்தேன். நிமிர்ந்தா ஒரு சத்தம், தண்ணி குடிக்கப் போனா ஒரு சத்தம். இப்பத்தான் என் வீட்டுல என் இஷ்டத்துக்கு உக்காருறேன். அதையும் ஒருத்தர் பாக்கணுமா?"

அண்ணன் இதைப் பிடிவாதம் என்கிறார். எனக்கு அம்மா பக்கம்தான் நியாயம் தெரிகிறது. அதே நேரம் இரவில் மழை பெய்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

எங்கள் பக்கத்து நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். முன் அறை ஜன்னலோரம் ஒரு கம்பனி சிம் நன்றாக எடுக்கும், குசினிக்குள் எதுவுமே எடுக்காது. வீட்டில் இன்டர்நெட் கிடையாது. இடி இடித்தால் ட்ரிப் ஸ்விட்ச் விழும், அம்மா பயத்தில் அதைத் தொடமாட்டார், விடியும்வரை இருட்டுதான். அம்மாவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது, இலக்கம் தெரியும். பட்டன் போனில் பச்சையை அமத்திப் பேசுவார். மெயின் ரோட்டிலிருந்து கோயிலடி வரைக்கும் வேன் ஏறும், அதற்கு மேலே நடைதான்.

கெமரா இல்லாமல், அம்மா விழுந்தாலோ காலையில் எழும்பாவிட்டாலோ எங்களுக்குத் தெரிய ஏதாவது வழி இருக்கிறதா? கள்ளனுக்காகப் பூட்டுகிற அலாரத்தை இதற்குப் பாவிக்கலாம் என்று வேலை செய்கிற இடத்தில் ஒருவர் சொன்னார். உண்மையா?


வயர்மன் ஹட்டன் எழுதியது:

அக்கா, உண்மைதான். ஹட்டன், டிக்கோயா, நோர்வூட் பக்கம் அலாரமும் கெமராவும் பூட்டுகிற வேலைதான் எனக்கு. வயசானவர்கள் இருக்கிற வீடு என்றால் நான் முதலில் கெமராவைப் பற்றிப் பேசவே மாட்டேன். காரணம் எளிது. கெமரா இருந்தால் யாராவது ஒருவர் அதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். உங்கள் அண்ணன் வேலையில் இருக்கும்போது அம்மா விழுந்தால், அவர் மாலையில் போனைத் திறக்கும்போதுதான் தெரியும். அலாரம் அப்படி இல்லை, அது தானாகவே கூப்பிடும்.

நீங்கள் கேட்க வேண்டியது சிம் போடுகிற ஜீஎஸ்எம் அலாரம். ஒரு பெட்டி, உள்ளே சிம், சின்ன பெட்டரி, சைரன். அதோடு பேசுகிற வயர் இல்லாத சாமான்கள்: கதவில் ஒட்டுகிற காந்த சென்சர், ஆள் நடமாட்டம் பார்க்கிற சென்சர், கழுத்தில் போடுகிற அவசர பட்டன். இன்டர்நெட் தேவையே இல்லை. பட்டனை அமத்தினால் பெட்டி நீங்கள் கொடுத்து வைத்த நம்பர்களுக்கு ஒன்றன்பின் ஒன்றாகக் கோல் எடுக்கும், எஸ்எம்எஸ்ஸும் போடும்.

குசினிக்குள் சிம் எடுக்காதது இங்கே பிரச்சினை இல்லை. பட்டனும் சென்சரும் பெட்டியோடு பேசுவது வேறு அலைவரிசையில், அனேகமாக 433 மெகாஹேர்ட்ஸ். சிம் கவரேஜ் பெட்டிக்கு மட்டும் இருந்தால் போதும். பெட்டியை அந்த ஜன்னலோரம் வையுங்கள். ஆனால் தகரம் இந்த அலையையும் கெடுக்கும். பெட்டி உறையில் 100 மீற்றர் என்று போட்டிருப்பது வெட்டவெளிக் கணக்கு. ஆகவே சுவரில் ஆணி அடிக்க முதல், பட்டனை எடுத்துக்கொண்டு அம்மா விழுந்த அதே இடத்தில், தரையில் உட்கார்ந்து, உடம்புக்கு அடியில் கை போகிற மாதிரி வைத்து அமத்திப் பாருங்கள். நின்றுகொண்டு அமத்தி "வேலை செய்யுது" என்று சொல்லிவிட்டு வரும் ஆட்களை நம்ப வேண்டாம். கக்கூசிலும் அப்படியே. கதவைச் சாத்திவிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

கழுத்துப் பட்டனை அம்மா கழற்றி ஆணியில் மாட்டிவிடுவார், அதுதான் உலக வழக்கம். குளிக்கும்போது நனையும் என்று பயம், படுக்கும்போது குத்தும். தண்ணீர் போகாத மாதிரி இருக்கிற பட்டனாகக் கேட்டு வாங்குங்கள். அதோடு கூட இன்னும் இரண்டு பட்டன் வாங்கி, குசினிப் படிக்குப் பக்கத்திலும் கக்கூசிலும் சுவரில் பூட்டுங்கள். உயரம் முக்கியம். தரையிலிருந்து ஒரு சாண், ஒன்றரைச் சாண். விழுந்து கிடக்கிறவர் கைக்கு எட்ட வேண்டும் அல்லவா? இழுத்தால் அடிக்கிற கயிறு வைத்த பட்டன் கிடைத்தால் இன்னும் நல்லது, கயிறு நிலம் தொடுகிற அளவுக்கு இருக்கட்டும்.

இனி, காலையில் எழும்பாவிட்டால் எப்படித் தெரிவது? முன் கதவு திறந்தால் உங்கள் போனுக்கு எஸ்எம்எஸ் வருகிற மாதிரி வைக்கலாம். அம்மா தினமும் எத்தனை மணிக்கு வாசல் திறப்பார் என்று உங்களுக்குத் தெரியும். ஐந்தரை என்று வையுங்கள். ஆறரைக்கு உங்கள் போனில் ஒரு மணி வைத்துவிடுங்கள். மணி அடிக்கும்போது எஸ்எம்எஸ் வந்திருக்காவிட்டால் அம்மாவுக்குக் கோல், அவர் எடுக்காவிட்டால் சின்னம்மாவுக்குக் கோல். "இத்தனை மணி நேரமாக ஆள் அசையவில்லை" என்று தானே சொல்கிற பெட்டிகளும் இருக்கின்றன. எல்லாவற்றிலும் அந்த வசதி கிடையாது. கடையிலேயே போட்டுக் காட்டச் சொல்லி, உங்கள் போனுக்கு வந்த பிறகு காசு கொடுங்கள்.

நடமாட்ட சென்சர் போடுவதானால் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, அம்மா குறுக்கே நடக்கிற மாதிரி வையுங்கள். அது உடம்புச் சூடு இடம் மாறுவதைத்தான் பிடிக்கிறது, நேராக அதை நோக்கி வந்தால் தாமதமாகத்தான் பிடிக்கும். அடுப்பையும் வெயில் விழுகிற ஜன்னலையும் பார்த்து வைக்கக்கூடாது.

கரண்ட் போவதைப் பற்றி: பெட்டிக்குள் இருக்கிற பெட்டரி சில மணி நேரம் தாங்கும். நல்ல பெட்டி என்றால் கரண்ட் போனதும் உங்களுக்கு எஸ்எம்எஸ் போடும். உங்கள் வீட்டுக்கு அது பெரிய உதவி. இரவில் ட்ரிப் விழுந்தது உங்களுக்கு உடனே தெரியும், சின்னம்மா வீட்டில் யாரையாவது அனுப்பித் தூக்கிவிடச் சொல்லலாம். ஆனால் அடிக்கடி விழுகிறது என்றால் மின்னலை மட்டும் குற்றம் சொல்ல வேண்டாம், ஏர்த் கம்பியை ஒரு தரம் பார்க்க வேண்டும். அதற்கு முதல் ஒன்று செய்யுங்கள், விலையும் குறைவு: பெட்டரியில் எரிகிற, ஆள் வந்தால் தானாகப் பற்றுகிற லைட் இரண்டை அந்தப் படியிலும் கக்கூஸ் போகிற வழியிலும் ஒட்டுங்கள். விழுந்த பிறகு சொல்கிற சாமானை விட விழாமல் வைக்கிற சாமான் பெறுமதி.

நம்பர் வரிசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். எல்லாரும் முதலாவதாகத் தங்கள் நம்பரைப் போடுகிறார்கள். வத்தளையில் இருந்துகொண்டு நீங்கள் என்ன செய்வீர்கள்? முதலாவது சின்னம்மா, இரண்டாவது டிவிசனில் த்ரீவீல் வைத்திருக்கிற ஒருவர், மூன்றாவதுதான் நீங்கள். அண்ணன் நாலாவது. 1990 அம்புலன்ஸ் நம்பருக்குப் பெட்டியை நேரே கோல் எடுக்க வைக்க வேண்டாம். அவர்கள் இடம் கேட்பார்கள், நோயாளியின் நிலை கேட்பார்கள், பதில் சொல்ல ஒரு மனிதர் வேண்டும்.

விலை குறைந்த சென்சர் பலதும் பெட்டரி செத்தால் வாய் திறக்காது. பௌர்ணமி லீவுக்கு நீங்களோ வேறு யாரோ வீட்டுக்கு வருவீர்கள்தானே, அன்றைக்கு எல்லாப் பட்டனையும் ஒரு தரம் அமத்திப் பாருங்கள். போயா என்றால் யாருக்கும் மறக்காது.


தோஹா தம்பி எழுதியது:

வயர்மன் அண்ணே சொல்வது சரி, ஆனால் எல்லா வீட்டுக்கும் சரிவராது. எங்கள் அப்பாவுக்கு மறதி நோய். பட்டன் கொடுத்தால் அது என்ன என்று மறந்துவிடுவார். விடியற்காலையில் எழும்பி, "பிரட்டுக்கு நேரமாச்சு" என்று (காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பதுதான் பிரட்டு) கம்பளியைப் போர்த்திக்கொண்டு வாசலைத் திறந்து மலைக்கு ஏறிவிடுவார். வெளியே பனி, தேயிலைக்குள் தண்ணீர் ஓடுகிற கான் எங்கே இருக்கிறது என்று பகலிலேயே தெரியாது.

கதவு சென்சரை இரவு பத்திலிருந்து காலை ஐந்துவரை சத்தம் போடுகிற மாதிரி வைத்தோம். சைரன் வேண்டாம், டிங்டாங் என்கிற மணிதான். சைரன் அடித்தால் அப்பா பயந்து இன்னும் வேகமாக ஓடுகிறார். மணி அக்காவின் தலைமாட்டில் அடிக்கும், அக்கா போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவருவார். முன் அறையில் ஒரு கெமராவும் வைத்தோம். அப்பாவிடம் கேட்டு வைக்க முடியாத நிலை, அக்காவின் சம்மதத்தோடு வைத்தோம், அவரும் அந்த வீட்டில்தான் இருக்கிறார்.

வெளியே கெமரா வைக்க நினைக்கிறவர்களுக்கு: பனி இறங்கினால் இரவில் வெறும் வெள்ளைதான் தெரியும். கெமராவின் சொந்த வெளிச்சமே பனியில் பட்டுத் திரும்பி வருகிறது.


ஓய்வு டீச்சர் எழுதியது:

மகள், நான் உங்கள் அம்மாவின் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். எனக்கு வயது 78. பண்டாரவளையில் தனியாக இருக்கிறேன். மகன் கனடாவில், மகள் கண்டியில். என் வீட்டிலும் கதவில் சென்சர் இருக்கிறது, கழுத்தில் பட்டன் இருக்கிறது. அதோடு வாழ்கிறவர் எழுதினால் உங்களுக்கு உதவும் என்று நினைத்தேன்.

உங்கள் அம்மா கங்காணியைப் பற்றிச் சொன்னதை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். தோட்டப் பாடசாலையில் படிப்பித்தவள் நான். காலையில் பிரட்டுக்களத்தைக் கடந்துதான் போவேன். பேர் கூப்பிட்டு, ஆளை எண்ணி, மலை பிரித்து, மாலையில் கொழுந்தை நிறுத்து, அதிலும் தண்ணிக்கும் பைக்கும் என்று வெட்டி. அந்த அம்மா ஒருவர் கண்ணுக்குக் கீழே நிற்பதை வெறுக்கிறார் என்றால் அதை மதித்து நடக்க வேண்டும். அண்ணனுக்கும் இதைச் சொல்லுங்கள். அவர் அன்பில்தான் அனுப்பியிருக்கிறார், எனக்குத் தெரிகிறது.

சாமானை விட முக்கியம், அதிலிருந்து வருகிற செய்தியை வைத்துப் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்பது. முதலில் என் மகன் எல்லா அறைக்கும் நடமாட்ட சென்சர் போட்டான். கெமரா இல்லைதானே என்று நானும் சம்மதித்தேன். அப்புறம் தொடங்கியது கேள்வி. "இரவு ரெண்டு மணிக்கு ஏன் எழும்பினீர்கள்?" "நேற்று குசினிக்கு ஏன் போகவில்லை, சமைக்கவில்லையா?" "நாலு தரம் பாத்ரூம் போனீர்களே, சீனி கூடிவிட்டதா?" எனக்கு இரவில் தூக்கம் குறைவு. எழும்பி ஒரு பிளேன்டீ ஊற்றிக்கொண்டு ஜன்னலோரம் உட்காருவது என் பழக்கம். அதற்கும் காரணம் சொல்ல வேண்டி வந்தபோது, இருட்டில் அசையாமல் கட்டிலிலேயே படுத்திருக்கத் தொடங்கினேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை, ஆனாலும் பார்க்கிற மாதிரியே இருந்தது.

மகளை வரச்சொல்லி, மகனைப் போனில் வைத்துக்கொண்டு, மூவரும் பேசி ஒரு கட்டுப்பாடு வைத்தோம். படுக்கை அறைச் சென்சரைக் கழற்றியாகிவிட்டது. காலை ஏழு மணிவரை நான் குசினிக் கதவைத் திறக்காவிட்டால் மகளுக்குச் செய்தி போகும், மகனுக்குப் போகாது. அவள் எனக்குக் கோல் எடுப்பாள். நான் எடுக்காவிட்டால் பக்கத்து வீட்டு நோனாவுக்குக் கோல். அவரிடம் என் வீட்டுச் சாவி ஒன்று இருக்கிறது. அதற்கு மேல் யாரும் எந்தப் பட்டியலையும் திறந்து பார்ப்பதில்லை. இரவில் நான் எழும்பினேனா என்று கேட்பதும் இல்லை. உடம்புக்கு முடியாவிட்டால் நானே சொல்வேன் என்று வாக்குக் கொடுத்தேன், சொல்கிறேன்.

இன்னொன்றும் கேட்டு வாங்கினேன். மகன் அங்கே வேலைக்குக் கிளம்பும்போது "அம்மா, கிளம்பிட்டேன்" என்று ஒரு வரி போடுவான். பனிக்காலத்தில் அவன் கார் ஓட்டுவது எனக்கும் பயம்தானே. என்னைப் பற்றி அவனுக்குத் தெரிகிற அளவுக்கு அவனைப் பற்றி எனக்கும் தெரிய வேண்டும் என்றேன். அதற்குப் பிறகுதான் இந்தச் சாமான்கள் எனக்குப் பாரமாக இல்லாமல் போனது.

ஆகவே மகள், பெட்டியை வாங்கிக்கொண்டு போய்ப் பூட்டிவிட்டு வராதீர்கள். எது எங்கே இருக்கும், அடித்தால் யாருக்குப் போகும், என்ன தெரியும், என்ன தெரியாது என்பதை அம்மாவுக்கு முன்னால் வைத்துச் சொல்லுங்கள். ஒரு தரம் பட்டனை அவரையே அமத்தச் சொல்லி, சின்னம்மாவின் போன் அடிப்பதைக் கேட்க விடுங்கள். வேண்டாம் என்று அவர் சொல்கிற ஒன்றையாவது கட்டாயம் கழற்றுங்கள்.


இரவுக்கடமை எழுதியது:

தங்கச்சி, நான் அரசாங்க ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். மற்றவர்கள் சொல்லாததைச் சொல்கிறேன்.

விழுந்த அடியை விட, விழுந்த பிறகு எவ்வளவு நேரம் தரையில் கிடந்தார் என்பது பல நேரம் பெரிதாகிவிடும். ஒரு மணி நேரத்துக்கு மேல் கிடந்தால் உடம்பு குளிர்ந்துவிடும், நீர் வற்றும், அழுந்திய இடம் புண்ணாகும், அழுந்திய தசை கெட்டுச் சிறுநீரகத்தையும் பாதிக்கலாம். மலைநாட்டுச் சீமெந்துத் தரையின் குளிர் உங்களுக்குத் தெரியும். எலும்பு முறியாவிட்டாலும் இவ்வளவும் நடக்கலாம். அதனால் அந்தத் தாழ்வான பட்டனைக் கட்டாயம் போடுங்கள். படிப் பக்கத்தில் கைக்கு எட்டுகிற இடத்தில் ஒரு பழைய கம்பளியும் இருக்கட்டும்.

1990 இலவசம். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி இப்போது நாடு முழுக்க இருக்கிறது. ஆனால் உங்கள் வீட்டுக்கு வாகனம் கோயிலடி வரைக்கும்தான் வரும் என்கிறீர்கள். அப்படியானால் கோயிலடியிலிருந்து வீடு வரைக்கும் உள்ள பாதைக்கு இப்போதே ஏற்பாடு வேண்டும். யார் தூக்குவார்கள்? எதில் தூக்குவார்கள்? இடுப்பு அடிபட்டவரைக் கம்பளியில் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வரக்கூடாது. கோயில் கமிட்டியிலோ இளைஞர் கழகத்திலோ பேசி, மடிக்கிற ஸ்ட்ரெச்சர் ஒன்று வாங்கிக் கோயிலில் வைத்தால் டிவிசனுக்கே பயன். கோல் எடுக்கிறவர் தோட்டத்தின் பேர், டிவிசன், எந்தச் சந்தியில் திரும்ப வேண்டும் என்று சொல்லத் தெரிந்தவராக இருக்க வேண்டும். அம்மாவின் கிளினிக் கொப்பியும் மருந்துப் பையும் முன் கதவுக்குப் பின்னால் ஒரே ஆணியில் தொங்கட்டும்.

மார்கழி, தைக் குளிருக்குத் தணலைச் சட்டியில் அள்ளிக்கொண்டு போய்ப் படுக்கிற அறையில் வைத்து, ஜன்னலைச் சாத்தித் தூங்குகிற பழக்கம் உங்கள் அம்மாவுக்கு இருக்கிறதா? இருந்தால் நிறுத்துங்கள். கரியிலிருந்து வருகிற காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். சூடு வேண்டும் என்றால் சுடுதண்ணீர்ப் பை கொடுங்கள். அப்படியும் கேட்கமாட்டார் என்றால் அதற்கான அலாரம் தனியாகக் கிடைக்கிறது, அதை வாங்கிப் போடுங்கள். கேஸ் அடுப்பும் பாவித்தால் அதற்கு வேறு அலாரம். கேஸ் காற்றை விடக் கனம், அதனால் அதைத் தரைக்குக் கிட்ட வைக்க வேண்டும்.

கடைசியாக, வீட்டுக்குப் பின்னால் வெட்டின மண்மேடு இருக்கிறதா? தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். 24 மணி நேர மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் மஞ்சள், 100 தாண்டினால் செம்மஞ்சள், 150 தாண்டினால் சிவப்பு. மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29 அன்று மலை சரிந்து வந்தது காலை நேரத்தில். எந்த அலாரமும் மண்ணை நிறுத்தாது. செம்மஞ்சள் என்றாலே அம்மாவைச் சின்னம்மா வீட்டுக்கோ, அதுவும் அதே மேட்டில் இருந்தால் பள்ளிக்கூடத்துக்கோ மாற்றிவிடுங்கள். எச்சரிக்கை வந்தால் யார் போய் அம்மாவைக் கூட்டிவருவது என்று இப்போதே ஒருவரைச் சொல்லி வையுங்கள்.


மஸ்கெலியாக்காரி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. டீச்சர், நீங்கள் எழுதியதை அண்ணனுக்கு வட்ஸ்அப்பில் வாசித்துக் குரலாக அனுப்பினேன். அவர் நெடுநேரம் பதில் போடவில்லை. பிறகு, "அம்மாகிட்ட நானே பேசுறேன்" என்று மட்டும் சொன்னார். பேசியிருக்கிறார். அம்மா என்னிடம், "ஒன் அண்ணனுக்குக் கெமரா வேணுமுன்னா கோழிக்கூட்டுல வெச்சிக்கிறச் சொல்லு, கீரி வருது" என்றார். ஆகவே ஒரு கெமரா வெளியே, கோழிக்கூட்டையும் வாசற்படியையும் பார்த்தமாதிரி இருக்கட்டும் என்று மூவரும் சம்மதித்துவிட்டோம். இன்டர்நெட் வந்த பிறகு பார்க்கலாம், அவசரமில்லை.

பட்டனுக்கும் முன் கதவு சென்சருக்கும் அம்மா சரி என்றுவிட்டார். நடமாட்ட சென்சர் வேண்டாம் என்கிறார், அதை விட்டுவிடுகிறோம். சின்னம்மாவுக்குத்தான் முதல் நம்பர். அவர் மகன் த்ரீவீல் ஓட்டுகிறார், இரண்டாவது அவர். வீட்டுச் சாவி ஏற்கெனவே சின்னம்மாவிடம் இருக்கிறது. ஸ்ட்ரெச்சர் விசயமாகக் கோயில் தலைவரிடம் பேசினேன், திருவிழாக் கணக்கு முடிந்ததும் கூட்டத்தில் வைக்கிறேன் என்றார். பின்னால் மண்மேடு இருக்கிறது அக்கா. கிராம உத்தியோகத்தரிடம் இடத்தைப் பார்க்கச் சொல்லிக் கேட்கப் போகிறேன்.

வயர்மன் தம்பி, இரண்டு கேள்வி. அந்தப் பெட்டிக்குள் போடுகிற சிம்முக்கு ரீலோட் எப்படி? அம்மா முக்கால்வாசி நேரம் குசினிக் கதவால்தான் போய் வருவார், அது தகரக் கதவு. அதிலும் சென்சர் வேலை செய்யுமா?


வயர்மன் ஹட்டன் எழுதியது:

சிம்மை உங்கள் பேரில் எடுங்கள் அக்கா. காசு இருக்கிறதா, காலம் முடிகிறதா என்ற எஸ்எம்எஸ் எல்லாம் பெட்டிக்குள் இருக்கிற சிம்முக்குத்தான் போகும், அதை யாரும் வாசிக்கப் போவதில்லை. அதனால் மாதம் பிறந்ததும் உங்கள் போனிலிருந்தே ரீலோட் போட்டுவிடுங்கள். பௌர்ணமிக்குப் பட்டனை அமத்திப் பார்க்கும்போது அதிலிருந்து ஒரு கோல் வெளியே போய்விடும், சிம்மும் சும்மா கிடந்து கட் ஆகாது.

கெமராவை எப்போதாவது பூட்டினால், பூட்டித் தருகிறவர் தன் போனில் எக்கவுண்ட் திறந்து உங்களுக்குப் பங்கு கொடுப்பார். விடாதீர்கள். எக்கவுண்ட் உங்கள் போனில் திறக்க வேண்டும், பாஸ்வேர்டை நீங்கள் போட வேண்டும். நானாக இருந்தாலும் அப்படித்தான்.

தகரக் கதவில் காந்தத்தை நேரே ஒட்டினால் தகரம் அதன் இழுவையைக் குறைத்துவிடும், சில நேரம் கதவு பூட்டியிருக்கும்போதே திறந்த மாதிரிக் காட்டும். இடையில் ஒரு சின்ன மரத்துண்டோ பிளாஸ்டிக் துண்டோ வைத்துத் திருகினால் சரிவரும். கதவும் நிலையும் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், எத்தனை மில்லிமீற்றர் துண்டு வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன். சனிக்கிழமை பின்னேரம் என்றால் நானே வந்து பூட்டித் தருவேன்.